வாயில் வைக்காத பியரின் ருசி

தான் குடிக்காததைக் குடித்தவன்போலப் புகழ்வதுதான் பார் வேலை. தட்டு ஏந்தும் சகோதரர்களே, உங்களுக்கு நான் விளக்கவா வேண்டும்? யுத்தம் முடிந்து கற்பிட்டிக் கடற்கரையில் ஹோட்டல்கள் முளைத்த நேரம், எனக்கும் ஒன்றின் பாரில் வேலை கிடைத்தது. கனமூலை ஊரில் எனக்கு நிக்காஹ் பேசியாகிவிட்டது. பெண் வீட்டாரிடம் ஹோட்டல் ரிசெப்ஷனில் நிற்கிறேன் என்று புளுகியிருந்தேன். அதை எப்படியாவது உண்மையாக்கும் வரை எனக்கு ஒழுங்கான நித்திரை இல்லை.

பாகற்காய்

புதிதாக ஒரு 'பேல் ஏல்' வந்தது. வெறி குறைந்த, பின்னேரம் முழுக்க ஆறுதலாகக் குடிக்கக்கூடிய பியர். "தோடம்பழத் தோல் மணம், லேசான கசப்பு" என்று மெனேஜர் எழுதித் தந்ததைப் பாடமாக்கினேன். நானோ ஜிஞ்சர் பியருக்கு மேல் போகாதவன். கொழும்பிலிருந்து வந்த மிஸ் ஒருவர், கசப்பு எப்படி இருக்கும் என்று கேட்டார். காகிதத்தில் அது இல்லை. "பாகற்காய் மாதிரி, மிஸ்" என்றேன். அவர் மெனுவை மூடினார்.

"அப்ப எனக்கு ஒரு தேத்தண்ணி போதும் தம்பி."

நோன்பு

அதன் பிறகு குடிப்பவர்களின் முகத்தைப் பார்த்துப் படித்தேன். முதல் மிடறுக்குப் புருவம் சுருங்கும், இரண்டாவதுக்குத் தோள் தளரும். நோன்பு மாதம் ஒரு பின்னேரம், நாக்கு வறண்டு அண்ணத்தில் ஒட்டியிருக்க, ஒரு வெள்ளைக்காரருக்கு அந்தப் பியரை விவரித்தேன். குளிர், நுரை, தொண்டையில் இறங்கும் சுகம்... அல்லாஹ்வே, நான் சொன்னதெல்லாம் பச்சைத் தண்ணியைப் பற்றி! அவர் இரண்டு கேட்டார். கொண்டுபோய் வைத்ததும் ஒன்றை என் பக்கம் தள்ளினார்.

"இது உனக்கு. என்னைவிட உனக்குத்தான் அவசரம்."

இடமாற்றம்

பியர் சக்கைபோடு போட்டது. இதுதான் தருணம் என்று மெனேஜரிடம் போனேன். "சேர், நான் ஒரு சொட்டும் ருசி பார்த்ததில்ல. ஆக்களை ஏமாத்துறேன். ரிசெப்ஷனுக்கு மாத்துங்க." ஏசுவார் என்று நினைத்தேன். சிரித்தார்.

"அதுக்குத்தானே உன்னை பார்ல வச்சிருக்கேன். ருசி தெரிஞ்சவனை விட்டா விக்கிறதுக்குப் போத்தல் மிஞ்சாது."

மாமா

வேறு வழியில்லை. பெருநாளைக்கு மறுநாள் கனமூலைக்குப் போய், பெண்ணின் வாப்பாவிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். போச்சு, நிக்காஹ் போச்சு என்றே முடிவு கட்டிவிட்டேன். "குடிக்கிறீங்களா?" என்று கேட்டார். "வல்லாஹி, இல்ல மாமா." கருவாட்டு வியாபாரியான அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"குடிக்காமலே இவ்வளவு புளுகுற ஆள், குடிச்சா உண்மைதான் பேசுவீங்க போல."

நிக்காஹ் நடந்தது, மதுரங்குளியில் அவருடைய கடையில்தான் இப்போது நிற்கிறேன், ஆனால் நான் "நல்ல கருவாடு" என்று சொன்னால் மாமா ஒரு துண்டைப் பொரித்துத் தின்று பார்த்த பிறகுதான் அதை விற்க விடுகிறார்.