வாரேன் என்றால் போகிறேன்

மாடக்கண்ணுவுக்குத் தெரிந்த தொழில் ஒன்றே ஒன்றுதான். குற்றாலத்து அருவிக்குக் குளிக்க வருகிறவர்களைப் பாறையில் உட்கார வைத்து எண்ணெய் தேய்த்துவிடுவான். ஜமீன்தார் முதுகோ குமாஸ்தா முதுகோ, அந்தக் கைக்கு எல்லாம் ஒன்று. அப்படிப்பட்ட கைதான், ஒன்றரை வயது மகள் பேராச்சிக்கு ஒரு குடுமி போடத் தெரியாமல் திண்டாடியது.

மனைவி தங்கத்தாய் காய்ச்சலோடு தென்காசி ஆஸ்பத்திரிக்கு மாட்டுவண்டி ஏறும்போது "வாரேன்" என்றுதான் சொன்னாள். நம் ஊரில் யார்தான் "போறேன்" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள்? போனவள் போனவள்தான். அப்போது பிள்ளைக்குப் பத்து மாதம். அதன்பிறகு தினமும் காலையில் பிள்ளையை அடுத்த வீட்டு ஹைருன் பீவியிடம் கொடுத்து "வாரேன் தாயி" என்பான். பிள்ளை வீறிட்டு அழும். அவளுக்கு அந்தச் சொல்லுக்கு ஒரே அர்த்தம், ஆள் போய்விடும் என்பது.

பேச ஆரம்பித்தபோது அதே அர்த்தத்தில் அதைப் பிடித்துக்கொண்டாள். காக்கா பறந்தால் "காக்கா வாரேன்". தட்டில் சோறு தீர்ந்தால் "சோறு வாரேன்". ஒருநாள் குரங்கு அவள் கையிலிருந்த வாழைப்பழத்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடியது. அழப்போகிறாள் என்று பார்த்தால், பழத்துக்குக் கையாட்டி "பளம் வாரேன்" என்றாள். மாடக்கண்ணு விழுந்து விழுந்து சிரித்தான். தங்கத்தாய் போனபிறகு அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அது.

"பிள்ளைக்குச் சரியாச் சொல்லிக் குடுக்கப்படாதா?" என்றாள் ஹைருன் பீவி.

"அவ சொல்லுததுதான் சரி" என்றான் மாடக்கண்ணு.

சாயங்காலம் அவனைக் குப்புறப் படுக்கவைத்து முதுகில் பளார் பளாரென்று அறைவாள். எண்ணெய் தேய்க்கிறாளாம். தன் தலைக்கு எண்ணெய் வைக்கும்போது அவன் சொல்வதைப் போலவே "கண்ண மூது சாமி" என்று அதட்டல் வேறு. ஊரார் உடம்பையெல்லாம் பிடித்துவிட்ட மனுஷனை, ஆசையாகத் தொட்ட கை அது ஒன்றுதான்.

ஆனி பிறந்து சாரல் விழுந்தது. சீசனில் மூன்று மாதம் கையைக் கட்டிக்கொண்டு இருந்தால், மீதி ஒன்பது மாதம் வயிற்றைக் கட்டவேண்டியதுதான். அந்த நேரம் பார்த்து ஹைருன் பீவி மகள் பிரசவத்துக்காகக் கடையநல்லூர் போய்விட்டாள். வேறு வழியில்லாமல் ஒருநாள் பிள்ளையை அருவிக்கரைக்கே தூக்கிக்கொண்டு போனான். எண்ணெய் சிந்திய பாறையில் அவள் வழுக்கி உருண்டதை எட்டிப் பிடித்தானே தவிர, அதோடு அவன் தைரியம் போயிற்று.

வடகரையிலிருந்து தங்கத்தாயின் அக்காள் ஆவுடைத்தாய் வந்தாள். பிள்ளையில்லாதவள்.

"சீசன் முடியுத வரைக்கும் எங்கிட்ட இருக்கட்டும் தம்பி. அதுக்குப் பொறவு வந்து கூட்டிட்டுப் போங்க" என்றாள்.

அந்த மூன்று மாதமும் அவனுக்குப் பேச்சுத்துணை முதுகுகள்தான். வீட்டுக்கு வந்தால் பேச அதுவும் கிடையாது. மகளைக் கூட்டிவரும் நாளை நினைத்துத்தான் சோறு இறங்கியது.

புரட்டாசி பிறந்ததும் மரச்சொப்பு வாங்கித் துண்டில் முடிந்துகொண்டு வடகரைக்கு நடந்தான். ஆவுடைத்தாயின் இடுப்பில் பிள்ளை இருந்தாள். குடுமி நேராக நின்றது, அதில் பூ வேறு. கன்னம் உப்பியிருந்தது.

"தாயி, அப்பா வந்திருக்கேன்" என்று கையை நீட்டினான்.

பேராச்சி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "அம்மா" என்று பெரியம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். பிறகு அவனைப் பார்த்துக் கையாட்டித் தெளிவாகச் சொன்னாள். "வாரேன்."

ஆவுடைத்தாயின் முகம் வாடிவிட்டது.

"ஒங்ககூட வாரேங்கா, தம்பி. என்ன இருந்தாலும் தகப்பன்லா" என்றவள், பிள்ளையின் பாவாடை சட்டைகளை எடுத்துவைக்கத் திரும்பினாள். முந்தானையால் கண்ணைத் துடைத்தது அவனுக்குத் தெரிந்தது.

வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும், பிள்ளை அவன் தோளுக்கு வந்துவிடுவாள். நாலு நாள் அழுவாள், ஐந்தாம் நாள் பழகிவிடுவாள். அந்தச் சொல்லுக்கு அவள் வைத்திருந்த அர்த்தம் அந்த வீட்டில் அவனைத் தவிர யாருக்கும் தெரியாது. பேராச்சி இன்னும் கையாட்டிக்கொண்டே இருந்தாள்.

"இல்ல மதினி" என்றான். "அவ எங்கூட வாரேங்கல. என்னையப் போயிட்டு வரச் சொல்லுதா."

முடிச்சை அவிழ்த்துச் சொப்பைப் பிள்ளையின் கையில் வைத்தான்.

"வாரேன் தாயி."

அந்தச் சொல்லைக் கேட்டு அவள் அழாமல் இருந்தது அன்றுதான் முதல் தடவை.