முழங்கால் உயரத்து ஊர்

சின்னப் பிள்ளைகளுக்குப் பெரிய கட்டை, வளர்ந்த பிள்ளைகளுக்குச் சின்னக் கட்டை. ஒன்றின் மேல் ஒன்றை அழுத்திப் பூட்டி வீடும் காரும் கட்டி விளையாடுவார்களே, அந்தப் பிளாஸ்டிக் கட்டைகளைத்தான் சொல்கிறேன். பீலெஃபெல்ட்டில் விளையாட்டுச் சாமான் கடையில் நின்ற பெண் இதை எனக்கு விளங்கப்படுத்தத்தான் பார்த்தாள். பிள்ளைக்கு எத்தனை வயது என்று டொச்சில், அதுதான் ஜேர்மன் மொழியில், கேட்டாள். அந்த நாட்களில் என்னுடைய டொச் பேக்கரியில் ஒரு றாத்தல் பாண் வாங்கக் காணும், அதற்கு மேல் காணாது. கையைத் தொடைக்குப் பக்கத்தில் பிடித்து, இவ்வளவு உயரம் என்று காட்டினேன். அவள் தலையாட்டிவிட்டு, பெரிய கட்டைகள் போட்ட பெட்டியை எடுத்துத் தந்தாள். அவளில் பிழையில்லை. நான் காட்டியது என் மகள் என்னைவிட்டுப் போன நாளில் இருந்த உயரம்.

அவளுக்கு அப்போது மூன்று வயது. அதற்குக் கொஞ்சம் முன்னர்தான் என் கணவரை ஆமி பிடித்துக்கொண்டு போயிருந்தது. நான் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு முகாம் வாசலாகப் போய் நின்றேன். உள்ளே இருக்கிறார் என்றும் சொல்ல மாட்டார்கள், இல்லை என்றும் சொல்ல மாட்டார்கள். அந்த நேரம் பார்த்து என் தங்கைக்கு வெளிநாடு போக வழி சரிவந்தது. ஏஜென்சிக்காரன் கொண்டுவந்து தந்த பாஸ்போர்ட் ஒரு தாயும் பெண் குழந்தையும் போகிற பாஸ்போர்ட். தங்கைக்குக் கலியாணம்கூட ஆகவில்லை.

“அக்கா, பிள்ளையை என்னோடை விடுங்கோ. நீங்கள் அத்தானைக் கண்டுபிடிச்சுக் கூட்டிக்கொண்டு பின்னாலை வாங்கோ,” என்றாள்.

ஊரில் செல் குண்டு விழத் தொடங்கியிருந்தது. கணவரைத் தேடுகிறவள் பிள்ளையைக் காப்பாற்ற ஏலாது, பிள்ளையைப் பார்க்கிறவள் கணவரைத் தேட ஏலாது. நான் சரி என்றேன்.

பிறகு பாடம் தொடங்கியது. பிள்ளைக்கு என் தங்கை சின்னம்மா. அதை மாற்ற வேண்டும். ஆர் கேட்டாலும் சின்னம்மாவை அம்மா என்றுதான் சொல்ல வேண்டும் என்று சொல்லிச் சொல்லிப் பழக்கினேன். “இவ ஆர்?” என்று தங்கையைக் காட்டிக் கேட்பேன். “அம்மா” என்று சொன்னால் ஒரு தோடம்பழ இனிப்பு. “சின்னம்மா” என்று சொன்னால் இனிப்பு இல்லை. என்னைக் காட்டி “அப்ப இவ ஆர்?” என்று ஒருநாள் தங்கை கேட்டாள். பிள்ளை யோசித்துவிட்டு, இனிப்புப் பேணியைப் பார்த்துச் சிரித்தது. நாங்கள் இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். என் மகள் கெட்டிக்காரி. சொன்னதைப் பிடித்துக்கொள்வாள்.

கட்டுநாயக்கா விமான நிலையத்தில் வழியனுப்ப வந்தவர்களை வெளியே மறித்துவிட்டார்கள். கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் நின்றேன். பிள்ளை தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு திரும்பிப் பாராமல் போனாள். அப்படிப் போக வேண்டும் என்றும் நான்தான் பழக்கியிருந்தேன். அழக்கூடாது என்று எனக்கு நானே சொல்லியிருந்ததெல்லாம் காற்றில் போய்விட்டது. பொலிஸ்காரன் ஒருவன் கிட்ட வந்து ஏன் அழுகிறாய் என்று சிங்களத்தில் கேட்டான். பிள்ளை என்று வாய் தவறினால் எல்லாம் போச்சு. “நங்கி,” என்றேன். தங்கை போகிறாள் என்றதற்கு எனக்குத் தெரிந்த ஒரேயொரு சிங்களச் சொல் அதுதான். அவன் பாவப்பட்டுக்கொண்டு போய்விட்டான்.

கணவரை நான் கண்டுபிடிக்கவில்லை. அதை இதற்கு மேல் எழுத எனக்கு மனமில்லை.

தங்கையும் மகளும் டென்மார்க்கில் போய் நின்றார்கள். நான் பின்னால் புறப்பட்டேன். கிழக்கு பேர்லினில் இறங்கி மேற்குக்கு வந்து, அங்கிருந்து பீலெஃபெல்ட் அகதிகள் விடுதிக்கு அனுப்பப்பட்டேன். வரைபடத்தில் பார்த்தால் டென்மார்க் கைக்கெட்டிய தூரத்தில் இருந்தது. ஆனால் என் அன்ராக்குக்கு, அதுதான் அகதி மனுவுக்கு, முடிவு வரும்வரை நகர எல்லையைத் தாண்டக்கூடாது என்றார்கள். ஆயிரக்கணக்கான மைல் கள்ளமாக வந்தவளுக்கு, கடைசித் துண்டு வழியில்தான் சட்டம் வந்து குறுக்கே படுத்தது.

மிஞ்சியது டெலிபோன். தெருமுனைக் கண்ணாடிக் கூட்டுக்குள் நின்று கதைப்பேன். முதலில் மகள் “அம்மா” என்றாள். சில மாதத்தில் “ஜேர்மனி அம்மா” ஆனேன். பிறகு ஒருநாள் தங்கை ரிசீவரை அவளிடம் கொடுக்கும்போது, “இந்தா, பெரியம்மா கதைக்கிறா,” என்று சொன்னது எனக்குக் கேட்டது. சுருக்கென்றது. ஏன் அப்படிச் சொல்கிறாய் என்று கேட்டேன். தங்கை குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“இஞ்சை எல்லாரும் எங்களைத் தாயும் மகளும் எண்டுதான் நினைச்சிருக்கினம், அக்கா. பள்ளிக்கூடத்திலை வாய் விட்டாள் எண்டால், நான் பொய் சொல்லி வந்தது தெரிஞ்சுபோம். பிறகு எங்கள் ரெண்டு பேரையும் என்ன செய்வினமோ தெரியாது.”

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. நியாயம் இருந்தபடியால்தான் எனக்குக் கோபம் கூடியது. டெலிபோனில் என்னவும் சொல்லட்டும், நேரில் கண்டால் பிள்ளைக்குத் தெரியும் என்று என்னைத் தேற்றினேன். பெற்ற வயிற்றை மணந்து பிடிக்காதா என்ன?

கோடையில் தங்கை படங்கள் அனுப்புவாள். ஒவ்வொரு படத்திலும் மகள் ஒரே இடத்தில்தான் நின்றாள். அந்த விளையாட்டுக் கட்டைகளாலேயே டென்மார்க்கில் ஒரு பூங்கா கட்டியிருக்கிறார்கள். வீதி, துறைமுகம், தேவாலயம், ரயில் எல்லாம் முழங்கால் உயரத்தில். முதல் படம் வந்தபோது நான் விடுதி முழுக்கக் கொண்டு திரிந்து, “பாருங்கோ, என்ரை பிள்ளை வீட்டுக் கூரைக்கு மேலாலை வளர்ந்திட்டாள்!” என்று பகிடி விட்டேன். சனம் சிரித்தது. இரவு அந்தப் படத்தைப் பார்க்கப் பார்க்க ஒன்று விளங்கியது. பக்கத்தில் நிற்பதெல்லாம் சின்னதாக இருந்தால் பிள்ளையின் உயரத்தைக் கண்டுபிடிக்கவே ஏலாது. ஒரு கதிரைக்கோ மேசைக்கோ பக்கத்தில் நிறுத்திப் படம் எடுத்திருக்கக் கூடாதா, விசரி.

எண்பத்தெட்டில், பிள்ளை போய் நாலு வருடத்துக்குப் பிறகு, எனக்கு அகதி அந்தஸ்து கிடைத்தது. நீல நிறப் பயணப் புத்தகம் கையில் வந்த அன்றே தங்கைக்கு டெலிபோன் எடுத்துச் சொன்னேன்: “வாறன். இந்த முறை பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போயிடுவன்.”

“முதல் வாங்கோ அக்கா,” என்றாள். “பூங்காவிலை சந்திப்பம். வீட்டை எண்டால் வெக்கப்பட்டு அறைக்குள்ளை ஒளிஞ்சிடுவாள். அங்கை எண்டால் சந்தோசமா இருப்பாள்.”

திரும்பி வருவதற்கு எனக்கொரு டிக்கெட்டும் பிள்ளைக்கொரு டிக்கெட்டும் எடுத்தேன். விடுதியை விட்டு ஒரு சின்ன அறைக்கு மாறியிருந்தேன். அங்கே என் கட்டிலுக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டில் வாங்கிப் போட்டு விரிப்பும் விரித்தேன். பிறகு கடைக்குப் போய் அந்தப் பெட்டியை வாங்கினேன். ஒரு மஞ்சள் சட்டையும் வாங்கினேன்.

பூங்கா வாசலில் தங்கை நின்றாள். மெலிந்திருந்தாள். பக்கத்தில் நின்ற பிள்ளை அவளுடைய தோளுக்குக் கொஞ்சம் கீழே வரை இருந்தது. அந்தப் பிள்ளையைத் தாண்டி என் மகளைத் தேடினேன். இதை எழுதவே கை கூசுகிறது. ஒரு நொடிதான், ஆனால் தேடினேன்.

“பெரியம்மா, வாங்கோ,” என்றாள் அவள். தங்கை நன்றாகத்தான் வளர்த்திருந்தாள். கை கூப்பச் சொல்லியிருப்பாள் போல, கையும் கூப்பினாள்.

எங்கள் வீட்டில் தாயை நீ, வா, போ என்றுதான் கூப்பிடுவோம். நானும் தங்கையும் எங்கள் அம்மாவை அப்படித்தான் கூப்பிட்டு வளர்ந்தோம். மரியாதை எல்லாம் வெளியாட்களுக்கு. உள்ளே போனதும் பிள்ளை முன்னால் ஓடி, “அம்மா, இஞ்சை வா! கெதியா வா!” என்று தங்கையைக் கூப்பிட்டாள். பிறகு நின்று, என்னைப் பார்த்து, “நீங்களும் வாங்கோ, பெரியம்மா,” என்றாள். அந்த ‘ங்கோ’வைப் போல வேறொன்றும் என்னை அடித்ததில்லை.

அங்கே கிடந்த மர வாங்கில் அவளை இருத்திப் பெட்டியைக் கொடுத்தேன். பிரித்தாள். முகத்தில் ஒரு சின்னக் குழப்பம் வந்து போனது. தங்கையைப் பார்த்தாள். தங்கை கண்ணால் ஏதோ சொன்னாள்.

“நல்ல வடிவா இருக்கு, பெரியம்மா,” என்றாள். பிறகு பொய் சொல்ல மனமில்லாமல், “இது குட்டிப் பிள்ளையளுக்கு. வாயிலை போட்டு விழுங்காமல் இருக்கத்தான் பெரிசாச் செய்யிறவை. எங்கடை பக்கத்து வீட்டுத் தம்பிக்குக் குடுக்கட்டோ?” என்று கேட்டாள்.

“குடு, பிள்ளை,” என்றேன். மஞ்சள் சட்டையை நான் பையை விட்டு வெளியே எடுக்கவேயில்லை.

அவள் அந்தக் குட்டி ஊருக்குள் ஓடத் தொடங்கினாள். எனக்கு அந்த ஊரைக் கண்டாலே பற்றிக்கொண்டு வந்தது. வீடு வீடாகக் கட்டி, ஜன்னலுக்கு ஜன்னல் பூவும் வைத்திருக்கிறார்கள். ஒரு வீட்டிலும் ஆளில்லை. குண்டு விழாத ஊர், ஆரையும் பிடித்துக்கொண்டு போகாத ஊர், அதுவும் பொம்மைகளுக்கு. என்ன கண்டறியாத ஊர்! தங்கை பக்கத்தில் நடந்தாள்.

“கூட்டிக்கொண்டு போறதெண்டால் போங்கோ அக்கா,” என்றாள் கடைசியில். “நீங்கள் பெத்த பிள்ளை. எனக்கு என்ன வந்தாலும் பரவாயில்லை. ஆனால் நான் சொல்லமாட்டன். என்னாலை ஏலாது. நீங்கள்தான் அவளுக்குச் சொல்ல வேணும்.”

அவளுக்கு ஓங்கி ஒன்று போட வேண்டும் போலவும் இருந்தது, கட்டிப் பிடித்து அழ வேண்டும் போலவும் இருந்தது. இருபத்திரண்டு வயதில் கையில் ஒரு பிள்ளையோடு முன்பின் தெரியாத நாட்டில் இறங்கியவள். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தபோதும் பல் விழுந்தபோதும் அவள்தான் இருந்தாள். நான் டெலிபோன் கூட்டுக்குள் இருந்தேன். சொல்லுகிறேன் என்றேன். இன்றைக்கே சொல்லுகிறேன்.

பிள்ளை ஒரு குட்டி விமான நிலையத்துக்குப் பக்கத்தில் குந்தியிருந்தாள். பொம்மை விமானங்கள் வரிசையாக நின்றன. சுற்றிவர ஒரு விரல் உயரத்தில் வேலி. நானும் பக்கத்தில் குந்தினேன். தங்கை எங்களுக்குப் பின்னால் நின்றாள். இதுதான் நேரம் என்று வாயைத் திறந்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

“நாங்களும் பிளேனிலைதான் வந்தனாங்கள். எனக்கு ஞாபகம் இருக்கு, பெரியம்மா.”

“என்ன ஞாபகம்?”

அவள் ஒரு பொம்மை ஆளை எடுத்து வேலிக்கு வெளியே நிறுத்தினாள். “இப்பிடி ஒரு கம்பி வேலி. அங்காலை ஒரு ஆள் அழுதுகொண்டு நிண்டவா. நான் ஒருக்கால் களவாத் திரும்பிப் பாத்தனான். அது ஆர் எண்டு அம்மாட்டைக் கேட்டனான். அது நீங்கள்தானாம்.”

திரும்பிப் பார்த்திருக்கிறாள். இத்தனை வருடமும் அவள் திரும்பிப் பார்க்கவில்லை என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

“நீ அழுதனியோ?” என்று கேட்டேன்.

“இல்லை,” என்றாள் பெருமையாக. “நான் ஏன் அழ? அம்மா என்னோடைதானே வந்தவா. நீங்கள்தான் அழுதனீங்கள். ஏன் பெரியம்மா அழுதனீங்கள்?”

பின்னால் தங்கை விசும்புவது கேட்டது. “சொல்லுங்கோ அக்கா,” என்றாள்.

பிள்ளை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண் அவளுடைய அப்பாவின் கண். அதில் ஒரு பயமும் இல்லை. முகாம் வாசல் இல்லை, செல் இல்லை, ஆரோ விட்டுவிட்டுப் போன கவலை இல்லை. நான் அவளை அனுப்பியது இதற்காகத்தான்.

“தங்கச்சி போறா எண்டு அழுதனான், பிள்ளை,” என்றேன்.

அவள் எழுந்து, கட்டைத் தூசி பட்ட கையைப் பாவாடையில் துடைத்துவிட்டு, என் கன்னத்தைத் துடைத்தாள்.

“இனி அழாதேங்கோ, பெரியம்மா,” என்றாள். “அம்மா இஞ்சைதானே நிக்கிறா.”