கொட்டாவிக்கு எழும்பிய கை

பாரிசவாதம் வந்து வலது கை விழுந்த பிறகு, பேச்சு மட்டும் சில நாளிலேயே எனக்குத் திரும்பிவிட்டது. நல்ல அறிகுறி என்றார் வைத்தியர். "கை முதல்ல வந்திருக்கலாம்" என்றாள் மனைவி.

அவளுக்கு அவசரம். ரொறன்ரோவில் மகளுக்குத் தலைப்பிரசவம். விசா கிடைத்துவிட்டது, பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கிற காயச்சரக்குத் தூளும் இடித்து வைத்தாயிற்று. பாதி அடுக்கிய பெட்டி கட்டிலுக்குக் கீழே கிடந்தது. நானோ வெள்ளவத்தை வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வாயைத் திறந்துகொண்டிருக்க, அவள் சோறு குழைத்து ஊட்டிக்கொண்டிருந்தாள். இடது கைக்குக் கரண்டி தந்து பார்த்தார்கள், பருப்பெல்லாம் இடுப்புச் சாரத்தில் விழுந்தது. கரண்டியை எறிந்துவிட்டு இடது கையைச் சோற்றில் வைக்க மானம் விடவில்லை. பாரிசவாதம் மானத்தைத் தொடுவதில்லை போலும்.

அவளுடைய தமையன் கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ் ஏறிப் பின்னேரங்களில் என்னைப் பார்க்க வருவார். பார்க்க என்பது பேச்சுக்கு. பக்கத்து வீட்டுக்காரனோடு அவருக்கு ஒரு மதில் வழக்கு உண்டு, அதைச் சொல்லத்தான் வருவார். நோயாளி எழுந்து ஓடமாட்டான் அல்லவா? ஒருநாள் கதை இரண்டாவது சட்டத்தரணியிடம் வந்தபோது எனக்கு வாய் பிளந்த கொட்டாவி வந்தது. மடியில் கட்டைபோலக் கிடந்த வலது கை, முழங்கை மடங்கி, மெல்ல மெல்ல நெஞ்சுவரைக்கும் எழும்பியது. கொட்டாவி முடிந்ததும் பொத்தென்று விழுந்தது.

"ஐயோ அண்ணை, கை!" என்று கத்தினாள் மனைவி.

"நான் கொண்டுவந்த எண்ணெய் பூசினதாலதானடி" என்றார் அவர்.

மகளை வீடியோவில் கூப்பிட்டார்கள். "அப்பா, ஒருக்காத் தூக்கிக் காட்டுங்கோ" என்றாள். வியர்க்க வியர்க்க முயன்றேன். அசையவில்லை. கொட்டாவி விட்டால்தான் வருகிறது என்று சொன்னேன். ஆனால் கொட்டாவியும் கேட்டால் வருகிற சாமான் இல்லையே. மனைவி கெட்டிக்காரி. "அண்ணை, அந்த மதில் கதையைச் சொல்லுங்கோவன்" என்றாள். தானாக வந்த அழைப்பில் மனுசன் குளிர்ந்துபோனார். இரண்டாவது சட்டத்தரணி வந்தார், கொட்டாவி வந்தது, கையும் எழும்பியது. ரொறன்ரோவில் கைதட்டினார்கள். எனக்கும் நம்பிக்கை வந்துவிட்டது. இனி அவள் நிம்மதியாகப் போகலாம் என்று நினைத்தேன்.

கைப் பயிற்சி தருகிற பெண்பிள்ளையிடம் இந்தப் பெருமையோடுதான் போனோம். அன்று அவள் என் தலையில் வயர்கள் தொங்கும் தொப்பி ஒன்றை மாட்டி, குளிர்ந்த பசை தடவி, "கையை விரியுங்கோ அங்கிள்" என்றாள். பல்லைக் கடித்துக்கொண்டு முயன்றேன். கை கிடந்தபடி கிடந்தது. தொப்பியோடு இணைத்த திரையில் மட்டும் கோடு மாறியது.

"பாத்தீங்களா அன்ரி, அங்கிளிட மூளை வேலை செய்யுது."

"இத்தனை வருஷத்துக்குப் பிறகு அதுக்கொரு அத்தாட்சி" என்றாள் மனைவி.

பிறகு கொட்டாவிக்குக் கை எழும்பிய புதினத்தைச் சொன்னாள். அந்தப் பிள்ளை சிரிக்கவில்லை. "அது சுகமாகிற அடையாளம் இல்ல அன்ரி. நாங்க நினைச்சு அசைக்கிறது காலி வீதியால வாற மாதிரி. அங்கிளுக்கு அந்த வீதி உடைஞ்சு கிடக்கு. கொட்டாவி கடற்கரை மரைன் டிரைவால சுத்தி வருது. அந்தப் பக்கம் அங்கிளிட சொல் எடுபடாது."

"அப்ப என்ன செய்யிறது?"

"ஒரு விரல் போதும். ஆனா அங்கிள் சொல்லி அது அசையவேணும். அசைஞ்சா அதைப் பிடிச்சு மற்றதையும் கொண்டுவரப் பாக்கலாம்."

திரும்பும் வழியில், எப்போதும் மீட்டரில் கண் வைத்து ஓட்டோக்காரனோடு மல்லுக்கட்டுகிறவள் கடல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். வீட்டுக்கு வந்ததும் காயச்சரக்குத் தூளைப் பெட்டியிலிருந்து எடுத்துக் குசினி அலுமாரியில் வைத்தாள். எனக்கு அழவேண்டும்போல இருந்தது. கோபமும் வந்தது. என்ன திமிர் இந்தக் கைக்கு! சொந்தக்காரன் கெஞ்சினால் கேட்காது, மைத்துனர் அறுத்தால் மட்டும் எழும்பும்.

மேசையில் துவாயை விரித்து, கையை அதன்மேல் வைத்து, தள்ளு தள்ளு என்று நாள் முழுக்கச் சொன்னேன். தமிழில் ஏசினேன். பலிக்கவில்லை என்று சிங்களத்திலும் ஏசினேன். இதற்குள் மதில் கதையை ஏன் கேட்டோம் என்பது மைத்துனருக்குத் தெரிந்துவிட்டது. கோபித்துக்கொண்டு கொஞ்சநாள் வராமல் இருந்தார். வேறு யாரும் அந்தக் கதையைக் கேட்கத் தயாராக இல்லாததால் திரும்பி வந்தார்.

அவர் வந்திருந்த ஒரு மத்தியானம் மனைவி எனக்குச் சோறு குழைத்துக்கொண்டே, "டிக்கட்டைக் கான்சல் பண்ணச் சொல்லப்போறன் அண்ணை" என்றாள். என்னைப் பார்க்கவில்லை. என் வலது கை சோற்றுக் கோப்பைக்குப் பக்கத்தில், அவள் தூக்கி வைத்த இடத்தில், இன்னொரு கறி மாதிரிக் கிடந்தது. ஏசாமல், கெஞ்சாமல், போ என்று அதற்குச் சொன்னேன். சுட்டுவிரல் நகர்ந்தது.

"இஞ்ச பாரும்" என்றேன்.

"கொட்டாவியே மச்சான்?" என்றார் மைத்துனர்.

"வாயை மூடிக்கொண்டெல்லோ இருந்தனான்!"

மனைவி குனிந்து பார்த்தாள். "இன்னொருக்கா" என்றாள். விரல் நகர்ந்தது. "நிப்பாட்டுங்கோ." நின்றது. "இப்ப?" திரும்பவும் போனது.

அவள் கத்தவில்லை. கை கழுவிவிட்டு வந்து, கோப்பையை என் விரலுக்கு எட்டுமாப்போல நகர்த்தி வைத்தாள். "அண்ணை, நான் திரும்பி வருமட்டும் இஞ்ச வந்து நிப்பியளே?"

"அதுக்கென்ன, நிக்கிறன். அவருக்கும் கதைக்க ஒரு ஆள் வேணுமெல்லே."

அறைக்குள் போனாள். கட்டிலுக்குக் கீழிருந்து பெட்டியை இழுக்கும் சத்தம் கேட்டது.

இதற்காகத்தானே இவ்வளவு பாடுபட்டேன்? போ என்று சொன்னதும் நான்தான். விரலைச் சோற்றுக்குள் கொண்டுபோய் வைத்தேன். அழுகை வந்து, வாய் கோணித் திறந்தது. மைத்துனர் உடனே என் கையைப் பார்த்தார், இப்போது எழும்பும் என்று. அது எழும்பவில்லை. நான் வைத்த இடத்திலேயே, சோற்றுக்குள் இருந்தது.