மேல்தட்டு ராகேலின் ஏழாம் பாகம்

ராகேலைக் கண்டாலே எனக்கு ஆகாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் என்னைக் குறை சொல்ல வேண்டாம்.

அருமனைக்கு மேலே ஒரே ரப்பர் தோட்டத்தில் இருவரும் பதினொரு வருடம் பால் வெட்டினோம். சரிவின் உச்சியில் இருக்கும் மேல்தட்டு அவளுக்கு, கீழ்த்தட்டு எனக்கு. விடியுமுன் மரத்தைச் சீவிச் சிரட்டையை வைத்துவிட்டால், பால் சொட்டி முடிய இரண்டு மூன்று மணி நேரம் காத்திருக்க வேண்டும். அப்போது நாங்களெல்லாம் கட்டன்சாயா குடித்து ஊர்க்கதை பேசுவோம். ராகேல் வரமாட்டாள். பாறைமேல் உட்கார்ந்து புத்தகம் வாசிப்பாள். கூப்பிட்டால், "இந்த அத்தியாயம் முடியட்டு" என்பாள். நாங்கள் என்ன அவ்வளவு கேவலமா?

ஏழு பாகமுள்ள மாயாஜாலக் கதை அது. குரலைத் திருட்டுக் கொடுத்த ஒரு நொண்டி இளவரசி, அதைத் தேடிக் கடலுக்கடியில் கோட்டை கோட்டையாக அலைகிறாளாம். நாற்பத்தைந்து வயதுக்காரிக்கு இது தேவைதானா? ஆறு பாகத்தை நூலகத்தில் வாசித்துவிட்டாள். ஏழாவது அங்கே வரவேயில்லை; அச்சிடுவதும் நின்றுபோனது. இரண்டு வருடம் நச்சரித்து, 2011 ஐப்பசியில்தான் அவள் அக்காள் மகன் ரெனிஷ் சென்னையில் ஒரு பழைய பிரதியைத் தேடிப்பிடித்துக் கொண்டுவந்தான்.

எங்கள் தோட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. மலைப்பக்க மழை மேல்தட்டுக்குத்தான் முதலில் தெரியும். பார்த்தவர் கூவ வேண்டும். கூவல் கேட்டதும் எல்லோரும் வாளியோடு ஓடி, சொட்டியவரை பாலை எடுத்துவிடுவோம். பேச்சுவார்த்தை இல்லாதவர்கள்கூடக் கூவுவார்கள்.

அந்த வியாழக்கிழமை கூவல் வரவில்லை, மழைதான் வந்தது. சிரட்டைகள் நிரம்பி வழிந்து, பாலெல்லாம் வெள்ளத்தோடு சரிவில் ஓடியது. கத்திக்கொண்டே மேலே ஏறினேன். ராகேல் குடையைப் புத்தகத்துக்குப் பிடித்து, தான் நனைந்தபடி வாசித்துக்கொண்டிருந்தாள். அவள் பாலும் போயிருந்தது. அது அவளுக்குத் தெரியவே இல்லை.

"ஒனக்கு கண்ணு பொட்டையாட்டி?"

"ஐயோ செல்லபாய், நான் பாக்கல்லட்டி. இன்னும் இருவது பக்கம்தான் உண்டு."

அந்த இருபது பக்கம்தான் என் வயிற்றெரிச்சலைக் கிளப்பியது. மறுநாள் அவள் பால் எடுக்கப் போன நேரம், ரப்பர் ஷீட் அடிக்கும் கொட்டகையில் அவள் பையைத் திறந்தேன். முந்தின ராத்திரி ஊரில் கரண்ட் இல்லை; அடையாள நூல் அதே இருபது பக்கத்துக்கு முன்னால்தான் கிடந்தது. அந்த இடத்தில் புத்தகத்தை விரித்து, உறைவதற்கு ஆசிட் கலந்து வைத்திருந்த என் பால் தட்டில் கவிழ்த்துப்போட்டேன். ஒரு தட்டுப் பால் பாழ், போகட்டும். பால் உறைந்தபோது கடைசிப் பக்கங்களும் சேர்ந்து ஒரே கட்டியாகிவிட்டன.

ராகேல் அதைப் பிரிக்கப் பார்த்தாள். தாள் துண்டு துண்டாகக் கிழிந்து வந்தது. யார் செய்தது என்று கேட்கவில்லை. என் முகத்தை ஒருமுறை பார்த்தாள், அவ்வளவுதான். எனக்கு வருத்தம் வந்ததா? இல்லை. வயிறு குளிர்ந்தது.

அடுத்த வாரம் மறுபடியும் கூவலில்லாமல் மழை வந்தது. மறுபடியும் என் பால் முழுக்கப் போனது. மூச்சிரைக்க மேலே ஏறினேன். அவளுடைய சிரட்டைகள் எல்லாம் காலியாகக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. மூடிபோட்ட வாளி பக்கத்தில் இருக்க, ராகேல் வெறுங்கையோடு பாறைமேல் உட்கார்ந்திருந்தாள்.

"மழைய பாத்தியா?"

"பாத்தேன்."

"பின்ன என்னத்துக்குட்டி கூவல்ல?"

அவள் எழுந்து, வாளியைத் தலையில் வைத்துக்கொண்டாள்.

"எனக்கு இருவது பக்கம் பாக்கி கிடக்கு" என்றாள்.