ரிப்பனுக்கு அந்தப் பக்கம் ஓய்வறை

போன வாரம் திருத்தணியில் ஓர் ஆஸ்பத்திரிக்குப் போனோம். பெயர் வேண்டாம். பெயர் போட்டால் அதற்கும் ஒரு போர்டு வைத்துவிடுவார்கள்.

என் மனைவிக்கு அங்கேதான் டயாலிசிஸ். முடிந்து எழுந்தால் தலை சுற்றும். கொஞ்ச நேரம் படுத்தால்தான் பஸ் ஏற முடியும். ஒருமுறை படுக்காமல் கிளம்பினோம். எங்கள் ஊர் கே.ஜி.கண்டிகையில் இறங்கும்போது பஸ் படியிலேயே விழுந்தாள். அதற்குப் பிறகு ஆஸ்பத்திரி மரத்தடிதான் அவளுக்குக் கட்டில்.

இந்த முறை மச்சானும் கூட வந்தான். சுவரைப் பார்த்துக் கத்தினான்.

"பாவா, இங்க பாரு! படுக்க ரூம் வந்துகீது!"

நீல போர்டு. 'நோயாளிகள் ஓய்வறை'. பக்கத்தில் அம்புக்குறி. புதுசு... பளபளவென்று இருந்தது.

நடந்தோம். லேப் தாண்டி ஒரு அம்பு. எக்ஸ்ரே ரூம் தாண்டி ஒரு அம்பு. பிறகு கட்டடத்துக்கு வெளியே, வெயிலில், ஜெனரேட்டர் ஷெட்டைச் சுற்றிக்கொண்டு இன்னொன்று. நடக்க முடியாதவர்களுக்கு ஒரு ரூம் — அதை நடந்து நடந்து தேட வேண்டும். யார் யோசனை இது? யோசித்தவருக்கு நல்ல உடம்பு போல. மனைவி என் தோளைப் பிடித்தாள். கை சில்லென்று இருந்தது.

ஒருவழியாக ரூம் வந்தது. கதவு திறந்திருந்தது. உள்ளே ஃபேன், நீள பெஞ்சுகள். வாசலில் குறுக்கே சிவப்பு ரிப்பன்.

வெளியே வெயிலில் ஒரு கும்பல் நின்றிருந்தது. சன்னதியில் திரை போட்டால், திறக்கும்வரை வாய் திறக்காமல் நிற்கிற ஊர் இது. ரிப்பனுக்கும் அப்படியே நிற்கிறார்கள். ஒரு பெரியவர் செருப்பைக்கூடக் கழற்றி வைத்திருந்தார்!

வாட்ச்மேனைக் கேட்டேன்.

"இன்னும் திறப்பு விழா ஆவலைங்க. வி.ஐ.பி. வந்து வெட்டணும்."

"எப்ப வருவாரு?"

"தேதி குடுக்கலைங்க."

"அப்ப போர்டு இன்னாத்துக்கு மாட்னீங்க?" மச்சான் எகிறினான்.

"போர்டுக்கு விழா வேணாங்களே."

நியாயமான பதில். வழி காட்டுவதற்கு யாரும் வர வேண்டாம். உள்ளே விடுவதற்குத்தான் வி.ஐ.பி. வர வேண்டும்.

மனைவி உள்ளே இருந்த பெஞ்சைப் பார்த்தாள். என் தோளை விட்டாள். ரிப்பனுக்கு அடியில் குனிந்தாள். உள்ளே போய்ப் பெஞ்சில் படுத்துவிட்டாள்.

"எம்மா, எம்மா! வெளிய வாம்மா! என் வேலை போய்டும்!"

"ரிப்பன் அப்பிடியேதான கீது? அவரு வந்து வெட்டிக்கட்டும். நீ ஃபேனைப் போடுப்பா." படுத்தபடியே சொன்னாள்.

வாட்ச்மேன் இரண்டு பக்கமும் பார்த்தார். ஃபேனைப் போட்டார்.

அடுத்து அந்தப் பெரியவர் குனிந்தார். பிறகு எல்லாரும். மச்சான் ரிப்பனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டான்.

"குனிஞ்சி வா, குனிஞ்சி வா... தலை பட்டு அறுந்தா விழா முடிஞ்சிடும்!"

மனைவி நன்றாகத் தூங்கி எழுந்தாள். கே.ஜி.கண்டிகையில் என் கையைப் பிடிக்காமல் இறங்கினாள்.

ரிப்பன் இன்னும் அங்கேதான் தொங்குகிறது. வெட்ட வருகிறவருக்கு ஒரு வார்த்தை — மைக் வேண்டாம். உள்ளே ஆட்கள் தூங்குகிறார்கள்.