சொட்டு நீலம் கலந்த மழை

என் வாழ்க்கையில் நான் தேறிய ஒரே பரீட்சை ‘ஸ்மால்’. பள்ளிக்கூடம் என்னை எதிலும் தேற விடவில்லை என்பதால் இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. தாம்பரத்தில் ஓர் ஏற்றுமதி கம்பெனியில் துணிக்கட்டு தூக்கிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் குவாலிட்டி சார் அளவு டேப்போடு வந்து, கட்டு தூக்கும் ஆண்களை எல்லாம் வரிசையாக நிறுத்தி மார்பு, தோள், கை என்று அளந்தார். என்னிடம் வந்ததும் டேப்பைச் சுருட்டிவிட்டார்.

“கரெக்டா ஸ்மால்பா நீ. நாளையிலேர்ந்து கட்டு தூக்க வேணாம்.”

நம் ஊரில் நான் ஒன்றும் குள்ளமில்லை. வெளிநாட்டுக்காரன் கணக்கில்தான் ஸ்மால். ஆனாலும் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. கட்டு தூக்க வேண்டாம் என்றால் என்னை ‘எலும்பு’ என்று கூப்பிட்டாலும் எனக்குச் சம்மதம்தான்.

அந்தக் கம்பெனியில் மழைக்கோட்டு தைத்தார்கள். நம் ஊரில் பைக் ஓட்டுகிறவர்கள் போட்டுக்கொண்டு அவிந்து போவார்களே, அந்த பிளாஸ்டிக் உறை இல்லை. ஏதோ ஒரு குளிர் தேசத்தில் தபால்காரர்கள் நாள் முழுக்கப் போட்டுக்கொண்டு நடப்பதற்கான கோட்டு. பார்த்தால் ஒரே துணி, ஆனால் மூன்று அடுக்கு. நடு அடுக்கு வெங்காயச் சருகைவிட மெல்லிசு. வெளியே பெய்கிற மழையை உள்ளே விடாது, உள்ளே ஊறுகிற வியர்வையை மட்டும் ஆவியாக வெளியே அனுப்பிவிடும் என்றார் சார்.

“நம்ம கேட் வாட்ச்மேன் மாதிரின்னு சொல்லுங்க. போறவன கேக்க மாட்டாரு, வர்றவன வுட மாட்டாரு,” என்றேன்.

சார் சிரிக்கவில்லை. அவர் மேடவாக்கத்திலிருந்து அந்த டிராபிக்கில் பைக்கில் வருகிறவர். பதினோரு மணிக்கு முன்னால் அவருக்குச் சிரிப்பு வராது.

துணி நல்ல துணிதான். தைப்பதில்தான் வினை. ஊசி குத்திய இடமெல்லாம் ஓட்டை. அதனால் தையலின் உள்பக்கம் நீளத்துக்கு டேப் என்று ஒரு பட்டை ஒட்ட வேண்டும். அதற்கென்று புது மெஷின் ஒன்று வந்திருந்தது. ஒரு மூக்கு வழியாக அனல் காற்று ஊதும், பட்டையில் இருக்கிற பசை இளகும், இரண்டு உருளைகள் அதைத் தையலோடு சேர்த்து நசுக்கிவிடும். கொஞ்சம் வேகமாக இழுத்தால் ஒட்டாது. கொஞ்சம் நின்றால் துணி பொசுங்கிவிடும். அந்த மெஷினில் அனகாபுத்தூரிலிருந்து பஸ் மாறி வரும் அக்கா ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

உட்கார்ந்திருந்தார் என்பதைச் சும்மா சொல்லவில்லை. அதற்கு முன்னால் பல வருஷம் அவர் நூல் வெட்டும் மேசையில் நின்றவர். காலையில் போட்டு வந்த செருப்பு சாயந்திரம் காலில் ஏறாது. அவ்வளவு வீங்கிவிடும். கையில் பிடித்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடப்பார். டேப் மெஷினுக்கு ஸ்டூல் உண்டு. அந்த ஸ்டூல் கிடைத்த பிறகுதான் அக்கா செருப்புப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

என் புது வேலை மழையில் நிற்பது. கோட்டை மாட்டி நிறுத்த வெளிநாட்டு பொம்மை ஒன்று வரவேண்டியிருந்தது, கப்பலில் எங்கேயோ சிக்கிக்கொண்டது. அதுவரைக்கும் பொம்மை நான். திருமுடிவாக்கத்தில் ஒரு பட்டறையில் சொல்லித் தகரத்தில் ஓர் அறை செய்து வாங்கியிருந்தார்கள். மேலே ஓட்டை போட்ட குழாய்கள், கீழே தொட்டி. விழுகிற தண்ணீரை மோட்டார் திரும்ப மேலே ஏற்றும். உள்ளே வெள்ளைச் சட்டை, மேலே கோட்டு, தலையில் குல்லாய். கையைத் தூக்கணும், குனியணும், நின்ற இடத்திலேயே நடக்கணும். பிறகு கோட்டைக் கழற்றி, சட்டை நனைந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

அது தண்ணீர்ப் பஞ்ச வருஷம். வீட்டில் இந்த வேலையைச் சொன்ன அன்று எனக்குச் சோறு கிடைத்ததே பெரிசு.

“நான் லாரி தண்ணிக்குக் கொடத்த வச்சிகினு தெருவுல நிக்கிறேன். தொரைக்கு மழ கேக்குதா?” என்றாள் என் மனைவி.

“குளிக்கறதுக்குச் சம்பளம் தர்றாங்கடி.”

“அப்ப வூட்டுல இனிமே ஒனக்குத் தண்ணி கெடையாது. அங்கயே குளிச்சிக்க.”

முதல் கோட்டை மாட்டிக்கொண்டு நின்றேன், வெளியே வந்தேன், கழற்றினேன். உள்ளே சட்டை தொப்பல். பிழிந்தால் அரை டம்ளர் தேறும். சாருக்கு முகம் செத்துவிட்டது. இரண்டாவது கோட்டும் அப்படித்தான், மூன்றாவதும் அப்படித்தான்.

அக்கா மெஷினை நிறுத்திவிட்டு ஓடிவந்தார். “இன்னாடா இது, கோட்டத் தொறந்து வுட்டுகினு நின்னியா?”

“ஜிப்ப கழுத்து வரைக்கும் இழுத்துகினுதான்க்கா நின்னேன். மூச்சே முட்டுச்சு.”

சார் மேனேஜருக்குப் போன் போட்டுப் பேசிவிட்டு வந்தார். அக்காவைப் பார்க்காமல் கோட்டைப் பார்த்துச் சொன்னார்: “டேப் சரியா ஒட்டலங்கறார். நாளைக்கு இன்னொரு யூனிட்லேர்ந்து ஆள் வருவார். நீங்க பழையபடி நூல் வெட்டப் போயிடுங்க.”

அக்கா குனிந்து தன் காலைப் பார்த்தார். எனக்கு அதுதான் தாங்கவில்லை. என்ன செய்கிறோம் என்று யோசிக்காமல் ஈரச் சட்டையின் கையை வாயில் வைத்துச் சப்பினேன்.

“சார், உப்பு கரிக்குது! இது மழ இல்ல சார், என் வேர்வ!”

சாருக்கு ஒரு நொடி முகம் மலர்ந்தது. அக்கா தொட்டித் தண்ணீரில் விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்தார்.

“இதுவும் உப்புதான்டா. லாரி தண்ணி.”

அந்த வருஷம் தண்ணீரும் நானும் ஒரே ருசி.

ஆனால் சார் யோசிக்க ஆரம்பித்துவிட்டார். கோட்டின் உள்ளே கையை விட்டுப் பார்த்தார். வெயில் காய்ந்துகொண்டிருந்த தகரக் கூரையை அண்ணாந்து பார்த்தார். “அவங்க ஊர்ல வெளிய குளிர், உள்ள சூடு. ஆவி தானா வெளிய போயிடும். இங்க உள்ள இருக்கற மாதிரியே வெளியவும் வேகுது. ஆவி எதுக்கு வெளிய போவணும்?” என்றவர், பெருமூச்சு விட்டார். “இத நான் நம்புவேன். மேனேஜர் நம்பணுமே. தண்ணிக்குக் கலர் இருந்தா காட்டலாம்.”

“சொட்டு நீலம் போடலாமே சார். கடையில கீது,” என்றார் அக்கா.

வாங்கி வந்து தொட்டியில் கவிழ்த்தோம். நான் மறுபடி உள்ளே போனேன். நீல மழை பெய்தது. வெளியே வந்து கண்ணாடியில் பார்த்தால், சாமி வேஷம் கட்டப் போய்ப் பாதி மேக்கப்பில் துரத்தப்பட்டவன் மாதிரி இருந்தேன். முகம் நீலம், கை நீலம், காது மடல் நீலம். கோட்டைக் கழற்றினேன். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. ஆனால் வெள்ளை வெளேர்.

“பாஸ்!” என்று கத்தினார் சார். அவர் அப்படிக் கத்தி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

அக்கா சிரிக்கவில்லை. என்னைச் சுற்றி வந்தார். “கையத் தூக்கு.”

வலது கையைத் தூக்கினேன்.

“அந்தக் கை.”

இடது கையை நான் கோழி இறக்கை மாதிரி உடம்போடு ஒட்டி வைத்திருந்தேன். கோட்டைக் கழற்றும்போதே பார்த்துவிட்டேன், சட்டை அக்குளில் கடுகு அளவுக்கு ஒரு நீலப் புள்ளி. “அக்கா, வேணாம். சார் பாஸ்னுட்டாரு,” என்றேன் மெதுவாக.

“தூக்குடா.”

தூக்கினேன். சாரும் பார்த்தார். “பரவால்லம்மா, ஒரு புள்ளிதானே,” என்றார்.

“தபால்காரன் நாளெல்லாம் கைய ஆட்டிகினு நடப்பான் சார். புள்ளி புள்ளியா எறங்கி, சாயங்காலத்துக்குள்ள அக்குளே ஊறிப் பூடும். இது என் வேலதான். நாலு தையல் ஒண்ணா சேர்ற எடம், மேடா கீது. டேப்பு அதுமேல ஏறி எறங்குறப்ப அடியில சந்து வுழுது.”

பழி போய்விட்டது என்று நினைத்த நேரத்தில் அந்த அம்மாவே அதைத் திரும்ப எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டால் யார்தான் என்ன சொல்வது? “இப்ப என்ன பண்ணலாம்?” என்று சார் அவரிடமே கேட்டார்.

அக்கா அதே பட்டையிலிருந்து பொட்டு மாதிரி வட்டமாக ஒரு துண்டு வெட்டினார். அந்த மேட்டுக்கு வந்ததும் வேகத்தைக் குறைத்து, துணியைக் கையால் அணைத்துப் பிடித்து, மேலே அந்த வட்டத்தை வைத்து அனலில் அமுக்கினார். இரண்டு அக்குளுக்கும் செய்தார். கோட்டையும் வேறொரு வெள்ளைச் சட்டையையும் என்மேல் வீசினார். “போ, நனை.”

இந்தத் தடவை வெளியே வந்து, போலீஸ் துப்பாக்கி நீட்டினது மாதிரி இரண்டு கையையும் நானே தூக்கிவிட்டேன். அக்கா சட்டையை உரித்து வாங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, அக்குளை முன்னும் பின்னும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எங்கும் நீலம் இல்லை. சார் அங்கிருந்தே மேனேஜருக்குப் போன் போட்டார். “ஆள மாத்த வேணாம் சார். தைச்ச கோட்டுக்கெல்லாம் அக்குள்ல ஒரு ஒட்டு வக்கணும், அவ்ளோதான். அவங்களே பண்ணிடுவாங்க.”

மறுநாள் அந்த இன்னொரு யூனிட் ஆள் வந்துவிட்டார். யாரும் அவருக்கு வரவேண்டாம் என்று சொல்லவில்லை போலிருக்கிறது. வந்தவர் வந்துவிட்டார், அந்த வட்ட ஒட்டைக் கற்றுக்கொண்டு போகட்டும் என்றார் சார். அக்கா மறுக்கவில்லை. அவரைப் பக்கத்தில் நிற்க வைத்துப் பொறுமையாகக் காட்டிக்கொடுத்தார். கொஞ்ச நேரம் கழித்து அந்த ஆள், “நீங்க எந்திரிங்கக்கா, நான் ஒண்ணு ஓட்டிப் பாக்கறேன்,” என்றார்.

“தாராளமா ஓட்டு தம்பி,” என்றார் அக்கா. “போய் ஒனக்கு ஒரு ஸ்டூல் எடுத்துகினு வா. இதுலேர்ந்து நான் எந்திரிக்க மாட்டேன்.”