தமிழில் ஓர் இசைவாணை

எங்கள் தெருக் கைபம்புத் தண்ணீர் குடத்தடியில் வெள்ளையாகப் படியத் தொடங்கிய வருஷம்தான் நான் சட்டம் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தேன். நான் வக்கீல் இல்லை. விருத்தாசலம் தாலுகா ஆபீஸ் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவள். ஊரார் மனுக்களைத் தட்டச்சு செய்தே பாதிச் சட்டம் தலையில் ஏறியிருந்தது. மீதியைக் கோபம் கற்றுக்கொடுத்தது.

தெருக்கோடியில் பீங்கான் பொம்மை செய்யும் கம்பெனி ஒன்று. பொம்மைக்குப் பளபளப்பு ஏற்றும் கிளேஸ் கலவையைக் கலக்கிய பாத்திரங்களைக் கழுவி, அந்தத் தண்ணீரைப் பின்பக்க ஓடையில் விட்டுவிடுவார்கள். கைபம்பு இருப்பது ஓடைக்கரையில். எந்த நிபந்தனையில் கம்பெனிக்கு அனுமதி கொடுத்தார்கள் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டேன். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கொடுத்த அனுமதி உத்தரவான இசைவாணையின் நகல் வந்தது, முழுக்க ஆங்கிலத்தில். யார் படிக்கக் கூடாது என்று அப்படி எழுதுகிறார்களோ தெரியாது. ஒரு வாரம் மல்லுக்கட்டித் தமிழாக்கினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கன்வாடி வாசலில் உட்கார்ந்து வரிவரியாகப் படித்தோம். வந்தவர்களில் பாதிப் பேர் அதே கம்பெனியில் வேலை செய்யும் பெண்கள். கழிவுநீர் காம்பவுண்டைத் தாண்டக்கூடாது என்ற இடம் வந்ததும் மறுபடி படிக்கச் சொன்னார்கள். டீக்கடைச் சுவரிலும் ஒட்டினேன். கம்பெனி ஆட்கள் கிழித்தார்கள். ஜெராக்ஸ் கடைக்காரியிடம் காகிதத்தைக் கிழித்து என்ன பயன்? மறுநாளே நாலு இடத்தில் ஒட்டினேன்.

அடுத்து, தண்ணீரைப் பரிசோதிக்க மாதிரி எடுத்தோம். ஆதாரம் முக்கியம் என்று வாய் ஓயாமல் சொன்னவள் நான்தான். அதனால் பம்பு அடிப்பது, பக்கெட்டில் பிடிப்பது, பாட்டிலில் ஊற்றுவது எல்லாவற்றையும் போட்டோ எடுத்து, தண்ணீர் கெட்டிருக்கிறது என்று வந்த பரிசோதனை முடிவோடு சேர்த்து திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் மனுவாகக் கொடுத்தேன். பெருமை தாங்கவில்லை.

மனுவின்மேல் வாரிய அதிகாரி நடத்திய விசாரணையில் கம்பெனி முதலாளி அந்தப் போட்டோவைத்தான் கையில் எடுத்தார். கிளேஸ் கலக்கிப் பழசான பக்கெட்டை வேலையாட்கள் வீட்டுக்கு எடுத்துப்போவது எங்கள் ஊர் வழக்கம். துணி ஊறவைக்கவும் அதுதான், வாசல் தெளிக்கவும் அதுதான். கண்ணுக்குப் பழகிப்போனதால் அது எங்கிருந்து வந்தது என்றே எனக்குத் தோன்றவில்லை. படத்தில் நாங்கள் தண்ணீர் பிடித்த பக்கெட்டின்மேல் கம்பெனி முத்திரை பளிச்சென்று தெரிந்தது.

"இது எங்க கிளேஸ் பக்கெட்டு சார். எத்தன வாட்டி கழுவினாலும் ஒட்டிக்கிட்டுதான் இருக்கும். இதுல புடிச்ச தண்ணி எப்புடி சுத்தமா இருக்கும்?" என்றார் அதிகாரியிடம்.

பிரிவு பிரிவாக மனப்பாடம் செய்தவள், ஒரு பாட்டில் தண்ணீர் பிடிக்கத் தெரியாமல் தெருவின் வழக்கையே கெடுத்துவிட்டேன். வெட்கத்தில் எழுந்து போய்விடலாம் போலிருந்தது.

பின்வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். எங்கள் தெருதான், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வருபவள். முதலாளி முகத்தை நேராகப் பார்த்துப் பேச அவளுக்குத் தைரியம் வரும் என்று நான் நினைத்ததில்லை.

"மொதலாளி சொல்றது நெசந்தாங்க சார். தெனமும் அந்தப் பக்கெட்டுங்கள கழுவறவ நான்தான். லேசுல போவாதுங்க. ஒரு பக்கெட்டுல ஒட்டினதே தண்ணிய கெடுத்துடும்னா, இத்தினி வருசமா நான் கழுவி ஊத்தின தண்ணி எங்க போச்சுன்னு அவரயே கேளுங்க."

அதிகாரி கேட்டார். முதலாளி போனைத் தடவிக்கொண்டிருந்தார். "பின்னால ஓடைக்குத்தான் சார்" என்று அவர் முனகும்வரை அவள் உட்காரவில்லை. அன்று மதியமே அதிகாரி தம்முடைய பாட்டில்களோடு வந்து, பம்பிலும் ஓடையிலும் மாதிரி எடுத்துப் போனார். பத்து நாளில் ஓடைக்குப் போன குழாயை சிமெண்ட் வைத்து அடைத்தார்கள். கைபம்புக்கு அதிகாரிகள் போட்ட பூட்டு இன்னும் தொங்குகிறது. நிலத்தடித் தண்ணீர் தெளியும்வரை குடிதண்ணீர் லாரியில் வருகிறது. தெளிகிற நாள்வரை மனு போடுவதை நான் நிறுத்துவதாக இல்லை.

குழாயை அடைத்த மறுநாள் காலை அவளைக் கம்பெனி கேட்டிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். நேராக என் கடைக்கு வந்தாள். அழுவாள் என்று நினைத்து ஸ்டூலை இழுத்துப் போட்டேன். அவள் உட்காரவில்லை.

"விசாரணையில உண்மைய சொன்னதுக்கு வேலய வுட்டு நிறுத்தலாமான்னு ஒரு சட்டம் இருக்கும்ல அக்கா? அதயும் தமிழ்ல எழுதுங்க. இந்த ஞாயித்துக்கெழம நான் படிக்கிறேன்."